இருபத்தாறு புள்ளி எட்டு

இறைச்சிக் கிடங்கில் மாலை ஐந்து வரை
சம்பளப் பட்டியல் போடுகிறேன்.
ஐந்துக்கு மேல் லித்தோரல் கிளப்பின் கணக்கு,
அதற்குச் சம்பளம் கிடையாது.
உருகுவே ஆற்றின் இக்கரை நாங்கள்,
அக்கரையில் எரிவது அர்ஜென்டினாவின் விளக்கு.
ஆற்றில் விழும் பந்துகளை
‘வெளிநாடு சென்றவை’ என்று எழுதிவைப்பேன்.

தலைவர் லகாசே எங்கோ கேட்டுவந்தார்,
வெற்றிக்கு ஒரு வயது இருக்கிறதாம்.
“நெலிதா, நம் அணியின் வயது என்ன?”
அணிக்கு ஏது வயது?
கூட்டினேன், வகுத்தேன், கொடுத்தேன்.
அன்றிலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும்
மருந்துச் சீட்டு மாதிரி
அந்த எண்ணைக் கேட்டு வாங்கிப் போகிறார்.

முப்பத்தொன்று புள்ளி இரண்டாக இருந்த வருடம்
எழுபதாவது நிமிடம் வரை நாங்கள் ராஜாக்கள்.
அதற்குப் பிறகு
தொடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.
ஐஸ் கட்டிக்கு மட்டும் ஆன செலவு
இரண்டு ஜோடி பூட்ஸின் விலை.

மறுவருடம் எல்லோரையும் அனுப்பிவிட்டு
இருபத்தொன்றுக்கு இறக்கினார்.
இளங்கன்று பயமறியாது, சரி.
கார்னர் கிக் வரும்போது
யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்பதும் அறியாது.
ஏழு கோல் வாங்கிய ஞாயிறன்று
பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள் பையன்கள்.
எனக்குக் கோபம் வரவில்லை.
மைக்கோல் நன்றாகவே பாடினான்.

பிறகு வந்தது கோப்பை வருடம்.
இருபது பேர்.
இருபத்தாறு புள்ளி எட்டு.
லகாசே அந்த எண்ணைச் சட்டம் போட்டுச்
சுவரில் மாட்டினார், கோப்பைக்குப் பக்கத்தில்.

நான் பட்டியலை மறுபடி பார்த்தேன்.
ஒன்பது பேர் முப்பத்துமூன்றும் அதற்கு மேலும்,
பதினொருவர் இருபத்திரண்டும் அதற்குக் கீழும்.
இருபத்தாறு வயதில் ஒருவன்கூட இல்லை.
இருபத்தேழிலும் இல்லை.
எங்களை ஜெயிக்கவைத்த வயதில்
எங்களிடம் யாருமே இல்லை!

உடைமாற்றும் அறையில்
மைக்கோலின் கொக்கிக்கும் வில்மாரின் கொக்கிக்கும் நடுவில்
ஒரு கொக்கி காலி.
துரு ஏறியது, சட்டையைக் கிழிக்கும் என்று
யாரும் தொடுவதில்லை.
அவன் அங்கேதான் மாட்டுவான் போல, அந்தச் சராசரிக்காரன்.
ஓடவும் தெரிந்தவன், நிற்கவும் தெரிந்தவன்,
முட்டியில் தழும்பு பாதி ஆறியவன்,
சம்பளப் பட்டியலில் பெயர் வராதவன்.
ஒருநாள் வேடிக்கையாக அவனுக்கும்
ஒரு துண்டு மடித்துவைத்தேன்.
திங்கட்கிழமை அது ஈரமாக இருந்தது.
கூரை ஒழுகியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இதை லகாசேயிடம் சொல்லவில்லை.

வில்மார் பிறந்த பண்ணையிலிருந்து
பதிவு அலுவலகம் குதிரையில் ஒரு நாள் தூரம்.
அவன் அப்பா போன அன்று ஆறு பெருக்கெடுத்திருந்தது.
அடுத்துப் போக நேரம் கிடைத்தபோது
பையன் நடந்துகொண்டிருந்தான்.
குமாஸ்தா அன்றைய தேதியையே போட்டுக் கொடுத்தார்.
கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த நாளில்
வில்மாரே சொன்னான், சிரித்துக்கொண்டு,
கையெழுத்துப் போட்டபடி.

இரண்டு வருடம். இருபது பேருக்குப் பகிர்ந்தால்
புள்ளி ஒன்று.
எனவே சுவரில் தொங்குவது தவறு.
எங்களை ஜெயிக்கவைத்தது
இருபத்தாறு புள்ளி ஒன்பது.

இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில்
மைக்கோல் எல்லோரையும் தாண்டி ஓடினான்,
பந்தையும் தாண்டி.
பின்னால் தனியே உருண்ட பந்துக்கு
அவசரமே இல்லாமல் வந்தான் வில்மார்,
பிறப்புப் பதிவுக்கு வந்த அதே நடையில்.
காலை வைத்தான்.
வலை அசைந்தது.

இந்த ஜனவரியில் புது விதி:
முப்பத்தைந்து தாண்டியவருக்கு ஒப்பந்தம் இல்லை.
வில்மாருக்குக் காகிதத்தில் முப்பத்துநான்கு.
லகாசே வாசலில் நின்று கேட்கிறார்,
“கணக்கு சரிதானே, நெலிதா?”

மாத்தே ஆறிவிட்டது.
ஜன்னலில் ஆற்றுக் கொசு.
மைக்கோல் வெளியே ஊளையிடுவதுபோல் பாடுகிறான்,
குரல் உடைந்து தடித்துவிட்டது.

சரிதான், என்கிறேன்.
சுவரில் இருப்பதைப் பார்த்து
அப்படியே எழுதுகிறேன்.