கழுத்துப்பட்டையின் உள்பக்கம்

வார்டோ பள்ளி வாத்தியக்குழுவின்
சீருடைகளுக்கு நான்தான் பொறுப்பு.
இருபத்தாறு நீல மேலங்கிகள், ஒரு நோட்டுப்புத்தகம்,
வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி.
இசை பற்றி என்னைக் கேட்காதீர்கள்.
பித்தளைப் பொத்தான் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

மீன் ஆலை மூடிய வருடம்
பதினொரு பிள்ளைகள்தான் மிஞ்சினார்கள்.
டிராம்போன் வரிசை காலி.
அந்தக் குளிர்காலத்தில்தான் எரித்திரியாவிலிருந்து
மூன்று குடும்பங்கள், எட்டுப் பிள்ளைகள்.
"நாம் அவர்களுக்கு இடம் கொடுத்தோம்" என்று
தலைமையாசிரியர் கூட்டத்தில் பேசினார்.
என் அலமாரியில் பதினைந்து அங்கிகள்
ஆளில்லாமல் தொங்கியதைப் பேசவில்லை.

லுவாமுக்குப் பன்னிரண்டு வயது.
மொழி தேவைப்படாத வாத்தியம் என்று நினைத்து
பித்தளைத் தாளத்தைக் கொடுத்தார்கள்.
முப்பத்தொரு சுற்று சும்மா நின்று
முப்பத்திரண்டாவதில் ஒரே ஓர் அடி.
சும்மா நிற்கத்தான் மொழி வேண்டும்.
எண்ண வேண்டுமே.

எண்ணினாள், உதடு மட்டும் அசைய:
ஹதே, கில்தே, செலஸ்தே, அர்பாதே.
பெரிய முரசடிக்கும் ஷூர்,
எந்நாளும் கணக்கைத் தொலைக்கிறவன்,
தாளை விட்டுவிட்டு
அவள் உதட்டைப் பார்க்கத் தொடங்கினான்.
ஏப்ரலில் அவனும் முணுமுணுத்தான்.
பிறகு கிளாரினெட் வாசிக்கும் இரண்டு பெண்கள்.
குழுவை நடத்தும் பியோர்னார்
அது எந்த மொழி என்றுகூடக் கேட்கவில்லை.
தப்பாமல் வருகிறதே, போதும் என்றார்.

அளவெடுத்த நாளில்
பதினான்காம் எண் அங்கி அவள் தோளில் தொங்கியது.
இரண்டு விரற்கடை பிடித்தேன்.
கழுத்துப்பட்டையைத் திருப்பிக் காட்டினேன்;
போட்டவர்கள் பெயரெழுதி வைப்பது வழக்கம்.
ராக்னில் 1974. ஓட்வார். ஓட்வாரின் தங்கை.
மை கரைந்துபோன யாரோ.
என் மகன்.
பேனாவை வாங்கித் தன் எழுத்தில் எழுதினாள்.
மூன்றே எழுத்து,
ஊசிக்குக் கால் முளைத்தது போல.

மே பதினேழு. ஊர்வலம்.
பக்கவாட்டில் அடித்தது பனித்தூறல்.
விரல் உலோகத்தில் ஒட்டிக்கொண்டது,
டிரம்பெட்டுகளின் பொறி உறைந்தது,
ஊதியவர்களுக்குக் காற்றுதான் வந்தது.
மிச்சம் முரசு, தாளம், நடை.
பத்தொன்பது பிள்ளைகள் வாய்விட்டு எண்ணியபடி
துறைமுகத்தைச் சுற்றி வந்தார்கள்.
ஹதே, கில்தே.
ஏதோ புதுப் பாட்டு என்று
நினைத்துக்கொண்டார்களாம் கடைத்தெருவில்.

ஆகஸ்டில் அவள் அம்மாவுக்குத் தெற்கே வேலை கிடைத்தது.
யாரும் துரத்தவில்லை.
இந்த ஊரை விட்டு எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்,
என் மகனும்.

அங்கி தபாலில் வந்தது.
துவைத்து, மடித்து, ஒரு பொத்தான் குறைவாக.
நோட்டில் 'திரும்பியது' என்று எழுதுமுன்
கழுத்துப்பட்டையைத் திருப்பினேன்.
அவள் பெயருக்குக் கீழே
அளவுகோல் வைத்துப் போட்ட கோடு,
அடுத்த பெயருக்கு.

பொத்தானைப் பற்றி நான் எழுதிக் கேட்கவில்லை.