பதினோரு சென்டிமீட்டர் வத்தம்

இந்தத் தண்ணீருக்கு ஏன் மூச்சு இல்லை
என்பதுதான் கஸ்பாரின் முதல் சந்தேகம்.
"ஏத்தம் எப்போ, வத்தம் எப்போ?"
கிருஷ்ணகிரி அணைக் கரையில்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டான்.
அதெல்லாம் இங்கே நிலா பார்ப்பதில்லை,
பொதுப்பணித்துறை பார்க்கும் என்றேன்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரி.
கடலை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்,
இரண்டு முறையும் பஸ் ஜன்னல் வழியாக.
அவன் வேம்பாற்றில் பிறந்தவன்,
கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நின்று
கொடுவாய்க்குத் தூண்டில் எறிந்தவன்.
ஓசூரில் இருவருக்கும் ஒரே கம்பெனி.
அவன் லேத், நான் தரப் பரிசோதனை.
அவன் கடைந்ததை நான் அளந்து
'தள்ளுபடி' என்று சிவப்பு மை பூசியதில்
தொடங்கியது எங்கள் கல்யாணம்.

தூண்டில் தகடும் அவன் கைவேலைதான்.
ஸ்க்ராப்பில் எடுத்த எவர்சில்வர்,
சுண்டுவிரல் நீளம், நடுவில் ஒரு வளைவு.
எறிந்து இழுத்தால்
காயம்பட்ட நெத்திலி மாதிரி தடுமாறும்.
கடல் பார்க்காத மீனுக்கு
நெத்திலி தெரியுமா என்று கேட்டேன்.
பதில் இல்லை.

முதல் ஞாயிறு ஒரு பாலித்தீன் பை.
அடுத்தது, யாரோ விட்ட வலையில் சிக்கி
தகடே போய்விட்டது.
பிறகு இரண்டு ஞாயிறு வெறும் வெயில்.
குத்தகைக்காரரின் ஆள் மொபெட்டில் வந்து
கோலுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
"கோதுமை மாவு உருட்டிப் போடு சார்,
ஜிலேபியாவது வரும்" என்றார்.
கஸ்பாரின் முகம் அன்று முழுக்கச் சரியாகவில்லை.

ஐந்தாவது ஞாயிறு, பத்தரைக்குச் சைரன்.
ஷட்டர்கள் ஏறுவது தெரிந்தது,
இரைச்சல் கொஞ்சம் தாமதமாக வந்தது.
எங்கள் பக்கம் எதுவுமே நடக்கவில்லை
வெகுநேரம்.
பிறகு அவன் ஒரு கல்லைக் காட்டினான்.
கல்லில் ஈரக் கோடு.
என் பையில் எப்போதும் ஸ்டீல் ஸ்கேல் இருக்கும்.
நான்கு சென்டிமீட்டர்.
பன்னிரண்டரைக்கு மறுபடி வைத்தேன்,
பதினொன்று.

"வத்தம்" என்றான்,
நடுப்பூசையில் பேசுவதைப் போலத் தணிந்து.

கோலை எடுத்துக்கொண்டு நடந்தான்,
முங்கிக் கிடந்த சோளக்கொல்லையிலிருந்து
தண்ணீர் அணைக்குள் திரும்பி வடிகிற வாய்க்காலுக்கு.
"சின்னதெல்லாம் இந்த வாய் வழியாத்தான்
வெளியே வந்தாகணும்.
பெருசு இங்கதான் நிக்கும்."
நடு அணையை அவன் பார்க்கவே இல்லை.
கரையிலிருந்து ஐந்து எட்டு,
முழங்கால் ஆழம்,
அங்கே எறிந்தான், கரையோடு ஒட்டி இழுத்தான்.
பெரிய மீன் ஆழத்தில் இருக்கும் என்று
இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

மூன்றாவது வீச்சில் கோல் வளைந்தது.
அந்த வளைவுக்கு டாலரன்ஸ் எழுதிய வரைபடம்
எங்கள் கம்பெனியில் இல்லை.
கத்தினேன் என்று பிறகு சொன்னான்.
எனக்கு ஞாபகமில்லை.
விரால்.
பாறை நிற முதுகு, பக்கமெல்லாம் புள்ளி.
ஸ்கேல் முடிந்தும் மீன் முடியவில்லை.

கஸ்பார் விரலை நக்கிப் பார்த்தான்.
"உப்பில்லை" என்றான்,
நான் வைத்த குழம்பைச் சொல்வதைப் போலவே.

ஓசூர் வீட்டுக்காரர்
'சைவம் மட்டும்' என்று சொல்லித்தான் சாவி கொடுத்தார்.
குருபரப்பள்ளியில் ஒரு பரோட்டாக் கடைக்காரர்
பாதி மீனைக் கூலியாக எடுத்துக்கொண்டு
மீதியை வறுத்துத் தந்தார்.
தலை யாருக்கு என்பதில் சின்னச் சண்டை.
நான் ஜெயித்தேன்.

திங்கட்கிழமை
அவன் கடைந்த புஷ் ஒன்று இரண்டு மைக்ரான் கூட.
சிவப்பு மையைத் திறந்தேன்.
இரண்டு தடவை சோப்பு போட்டும்
விரலில் விரால் வாடை.
பூசினேன்.
லேத்துக்குப் பின்னாலிருந்து அவன் கேட்டான்:
"அடுத்த ஞாயிறு ஷட்டர் திறப்பாங்களா?"

நீர்வரத்து நானூறு கன அடிதான்,
காலையிலேயே பேப்பரில் பார்த்துவிட்டேன்.
மேலே மழை பெய்யணும் என்று
விரலால் கூரையைக் காட்டினேன்.