பதினொரு மூட்டை

குதாயிசியில் மின்சாரம் போய் நாற்பதாம் நாள்.
ரியோனி ஆறு மட்டும்
யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

ரொட்டிக்கூடத்து மாவுக் கிடங்குக்குச் சாவி இரண்டு.
ஒன்று என் இடுப்பில்,
மற்றது மேலாளர் ஒதாரின் மேசையில்.
கணக்கில் குறைந்தது பதினொரு மூட்டை.
ஊருக்கு என் சாவி மட்டும்தான் ஞாபகம் வந்தது.

நடந்தது இது.
ஒரு ராத்திரி துப்பாக்கியோடு ஐந்து பேர்,
மீசை அரும்பாத பிள்ளைகள்,
ஒருவன் காலில் ஜோடி சேராத பூட்ஸ்.
சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் தூக்குங்கள் என்றேன்.
சிரித்தார்கள்.
ஆனாலும் அந்த பூட்ஸ்காரன் எழுதினான்,
சிகரெட் அட்டையின் உட்பக்கத்தில்.
விடிந்ததும் ஒதாரிடம் கொடுத்தேன்.

"எந்தச் சீட்டு?" என்கிறான் இப்போது,
நாக் கூசாமல், என் கண்ணைப் பார்த்தே.

சூளையின் வாய்க்கு இரும்புக் கதவுண்டு.
ஊரின் வாய்க்கு எந்தக் கொல்லன் அடித்துத் தருவான்?
ரொட்டி வரிசையில் பெண்கள் விலகி நின்றார்கள்.
வழிவிடுகிறார்கள் என்று நினைத்தேன் முதல் நாள்.
மகள் மாக்வாலா பள்ளியிலிருந்து வந்தபோது
முதுகில் வெள்ளையாய் ஒரு கைத்தடம்.
மாவு கிடைக்காத காலம்,
சுண்ணாம்புதான்.
துவைத்தேன். போயிற்று.
அவள் அன்று சாப்பிடவில்லை.

தேவனே,
உன்னோடு சண்டை போட்டேன், மறைப்பானேன்.
கோயிலில் ஈர்க்குச்சி போன்ற திரியை ஏற்றி
"நீ பார்த்தாய்தானே?" என்று மட்டும் கேட்டேன்.
ஜெபமா அது, சாட்சிக்கு அழைப்பா,
தெரியவில்லை.
பதில் வரவில்லை. கதவிடுக்கில் காற்று வந்தது.
சுடர் படுத்தது, எழுந்தது, படுத்தது.
கைவைத்து மறைக்கவில்லை நான்.
அணையட்டும் என்றே நின்றேன், சொல்லப்போனால்.
அணையவில்லை.
இதைப்போய் அற்புதமென்று
யாரிடமும் சொல்லமாட்டேன்.

விசாரணை அன்று தாளை நீட்டினார்கள்.
"ஒப்புக்கொண்டால் வேலை மட்டும் போகும்.
இல்லையென்றால் சிறை."
மண்ணெண்ணெய் விளக்கு. மை உறைந்த பேனா.
ஒதார் அதை வாயால் ஊதி ஊதிச் சூடாக்கினான்.
அவன் விரல் நடுங்கியது.

பதினைந்து வருஷம் மாவு நிறுத்த கை இது,
படிக்கல் இல்லாமலே எடை சொல்லும்.
பேனாவை வாங்கினேன்.
ஒரு முழு மூட்டை கனத்தது.
மேசைமேல் வைத்துவிட்டு
"நான் எடுக்கவில்லை" என்றேன்.
குரல் என்னுடையது.
தெம்பு எங்கிருந்து வந்ததென்று
உனக்குத்தான் தெரியும்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. சீட்டும்தான்.
அந்தப் பையன் உயிரோடு இருக்கிறானோ,
ஜோடி சேராத பூட்ஸோடு
எந்தப் பனியில் கிடக்கிறானோ.
அவனுக்கும் ஒரு திரி ஏற்றுகிறேன்.
அவன் வந்து சாட்சி சொல்லவேண்டும் என்றுதான்
முதலில் ஏற்றினேன்.
இப்போது, கால் நனையாமல் இருக்கட்டும் என்று.

பெரிய தராசு உன்னுடையது, தேவனே.
சீக்கிரம் நிற்காது, தெரியும்.
தட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.
ஆடட்டும் முள்.