ஐந்நூறு எழுத்துக்குள்

விளையாட்டை எப்படித் திருத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்,
ஐந்நூறு எழுத்துக்குள்.
முதலில் அந்தக் கணக்கைத் திருத்துங்கள்.
உங்கள் பெட்டி எங்கள் 'கோ'வை இரண்டாக எண்ணுகிறது.
திருகோணமலை, ஆறெழுத்து ஊர்.
எழுதி முடிக்கப் பத்துப் போய்விட்டது.

நான் உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசை.
இரவு எட்டிலிருந்து காலை ஆறு.
மார்கழியில் வெள்ளைக்காரர் வருவதில்லை,
கடல்தான் மதில்வரை வந்து
இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறது.
பதினொரு சாவியும் பலகையில் தொங்க
நான் உங்கள் தீவில் இறங்குகிறேன்.
அங்கே என் பெயர் திருக்கை_நாலு.
மூன்று திருக்கைகள் எனக்கு முன்னரே இருந்தன.

வாடை அடித்தால் இங்கே கரண்ட் போகும்.
தவநேசன் அண்ணை எழும்பி,
இருட்டில் செருப்புத் தேடி,
ஜெனரேற்றரை மூன்று தரம் இழுத்து,
நாலாம் தரம் அதன் தாயைப் பற்றி ஏதோ சொல்லி
லைட் வர எட்டு நிமிடம்.
அதற்குள் என் பெயருக்கு நேரே சிவப்பில் எழுதிவிடுகிறீர்கள்:
தப்பியோடியவர்.
உங்களுக்கு அது மூன்று ஆட்டத் தடை.
இந்தக் கரையில்
பட்டியல்களில் பெயருக்கு நேரே அந்தச் சொல் விழுந்த காலம் ஒன்று இருந்தது.
அதைச் சொல்ல இந்தப் பெட்டி காணாது.
'தொடர்பு அறுந்தவர்' என்று போடுங்கள். போதும்.

கிண்ணியா முனாஸ் இப்போது தோஹாவில் லொறி ஓட்டுகிறான்.
அவன் சுட்டால் அரை விநாடி பிந்தித்தான் வெடிக்கிறது
என்று அவனை வேறு கூட்டத்தில் சேர்க்கிறீர்கள்.
எங்களோடு விடுங்கள்.
பிந்தித்தான் சிரிப்பான்,
ஆனாலும் அவன் சிரித்த பிறகுதான்
எங்களுக்குப் பகிடி முடியும்.

மைக்.
நான் வாய் திறந்தால் 'டேய், பெட்டையடா' என்கிறான் ஒருத்தன்,
அதோடு ஆட்டம் சரி.
எதிரி பின்னால் வந்து நிற்க
ஒருவன் ஊர் கேட்கிறான்,
ஒருவன் கலியாணம் ஆகிவிட்டதா என்கிறான்.
பத்து மாதமாக நான் கதைப்பதில்லை.
ஒத்துழைக்காதவர் என்று முறைப்பாடு போனது,
நீங்களும் எச்சரிக்கை அனுப்பினீர்கள்.
'பின்னால் வருகிறான்' என்று
சத்தமில்லாமல் சொல்ல ஒரு பொத்தான் வையுங்கள்.
எனக்கு மட்டுமில்லை,
கந்தளாய் தினூஷவும் கேட்டான்.
மடியில் பிள்ளையைப் படுக்கவைத்துக்கொண்டுதான்
அவன் பாலத்தைக் காக்கிறவன்.

இனிச் சில்லறை.
துறைமுகத்துக்கு மேலே மூன்றே பறவைகள், ஒரே வட்டம்.
ஒரு காகமாவது போடுங்கள்.
உங்கள் காட்டில் அசைவதெல்லாம் சுடுவதற்கு.
இங்கே பஸ் நிலையத்தில்
மான்கள் பணிஸ் கடதாசியைச் சப்பிக்கொண்டு நிற்கும்.
ஓட்டோக்காரன் ஹோன் அடிப்பான், நகராது.
முதுகில் இருப்பதைத் தவிர
அவற்றிடம் வேறு புள்ளியில்லை.
அப்படி ஒன்று வேண்டும்,
சுட்டால் எதுவும் கிடைக்காத ஒன்று.

மீதம்: கழித்தல் ஆயிரத்துச் சொச்சம்.
பெட்டி சிவந்துவிட்டது.
காகத்தை அழித்தேன்.
முனாஸின் சிரிப்பை அழித்தேன், அவனுக்குச் சொல்ல வேண்டாம்.
ஊரை அழிக்கப் பத்து மிஞ்சியது.
மானில் கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு அதையும்.
எட்டு நிமிடம், அந்தச் சிவப்புச் சொல், சத்தமில்லாப் பொத்தான்.
அனுப்பு.

உடனே பதில்:
'உங்கள் கருத்துக்கு நன்றி, திருக்கை_நாலு.
இதுவும் உங்களுக்குப் பிடிக்கலாம்:
மான்கொம்புத் தலைக்கவசம், முந்நூறு நாணயம்.'

கூட்டம் சேர்ந்துவிட்டது, ஐந்தில் நாலு பேர் தயார்.
வெளியே காற்று
தென்னையின் தலையைப் பிடித்து உலுப்புகிறது.
காவற்கூட்டுக்குக் குரல் கொடுத்தேன்:
"அண்ணை, இண்டைக்குச் செருப்போட படுங்கோ."