மூன்றாவது கீல்

துளைபோடும் மெஷினை ஐவின் கொண்டுபோய்விட்டான்.
சார்ஜர் மட்டும் சுவரில்,
யாருக்கென்று தெரியாமல்
பச்சையாய் விழித்துக்கொண்டிருக்கிறது.

பூடோவில் மதியம் மூன்றுக்கே இருட்டு.
கடையில் சிண்ட்ரே என்று பெயர் குத்திய பையன் சொன்னான்:
"பேட்டரியைப் பார்த்து வாங்குங்கள்.
ஒரு கம்பெனிக்குள் போய்விட்டால்
ரம்பமும் அவர்களுடையதுதான், விளக்கும் அவர்களுடையதுதான்.
வேறெதுவும் இதில் ஏறாது."
தெரியும் தம்பி,
பதினோரு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

"என்ன வேலைக்கு?"
படகுக் கொட்டகைக் கதவு.
காற்று கிளம்பினால் இரவெல்லாம் அடித்துக்கொள்கிறது.
பதினெட்டு வோல்ட்டைத் தூக்கிப் பார்த்தேன்,
மணிக்கட்டு வேண்டாமென்றது.
பன்னிரண்டு போதும்.
நிறம் வேறு. சார்ஜரும் வேறு.

மைனஸ் ஒன்பது.
இரண்டு கீல் ஏறிவிட்டது.
மூன்றாவதில்
கடைசித் திருகு பாதி வெளியே நிற்க,
மெஷின் இழுத்து, முனகி, அடங்கியது.
குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்று
பையன் சொல்லவில்லை.
ஐவின் சொல்லியிருக்கிறான்,
நான்தான் காதில் வாங்கவில்லை.

கழற்றி
ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டேன்.
சில்லென்று ஒட்டிக்கொண்டது.
கதவைத் தோளில் தாங்கியபடி
காத்திருக்கிறேன்,
நின்றுகொண்டே அடைகாக்கும் கோழி.