நிகழ்ச்சி நிரலில் நான்காவது

'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதிவைத்திருக்கிறேன்.
பொய் இல்லை.
உண்மையின் மேல்தோல் மட்டும்.

ஸெனித்சாவில் பிப்ரவரி என்றால்
உருக்காலைக் கரி படிந்த பனி,
மூன்றாம் வாசலில் எரியாத விளக்கு,
வீட்டுக்கு வீடு இருமல்.
அதற்கு நடுவில்
ஒற்றை இலைகூட இல்லாமல் பூத்து நிற்கும்
இந்தக் குள்ள மரம், த்ரியென்.
மஞ்சள்தூளைக் கையில் ஏந்திக்கொண்டு
யாரோ தும்மிவிட்டதுபோல.

நகராட்சிக்காரர்கள் நட்ட அன்று
'அலங்கார மரம்' என்று தகரத்தில் எழுதிக் கட்டினார்கள்.
காய்க்கும் என்று எழுதவில்லை.

ஆலையில் முப்பத்தொரு வருடம்
சம்பளக் கணக்குப் பார்த்தவள் நான்.
ஒரு கொத்துக்கு இருபது பூ,
ஒரு பூவுக்கு நாலு இதழ், நொய்யரிசி அளவு.
பஸ் வராத காலைகளில் எண்ணியிருக்கிறேன்.
பஸ் வராத காலைகள் இங்கே நிறைய.

ஆகஸ்டு முடியும்போது
மென்சூரின் வெள்ளைக் காரில் சொட்டுச் சொட்டாய்ச் சிவப்பு.
துடைத்தால் இழுவும்,
விட்டால் காயும்,
குளவிகள் வேறு.
வெட்டச் சொல்லி மனு கொடுத்தார்,
மூன்று பிரதிகளில்.

ஏழு பேர் வெட்டலாம் என்றார்கள்.
ஐந்து பேர் கூடாது என்றார்கள்.
நான்காம் மாடி ல்யூபிட்சாவும் கை தூக்கினாள்,
அது ஜன்னலைச் சாத்தச் சொல்லி.
ஏழில் ஒரு கை என்னுடையது.
போன வருடம் பழத்தில் வழுக்கி விழுந்து
மழை வந்தால் இன்னும் வலிக்கும் மணிக்கட்டு.
அந்தக் கையைத்தான் தூக்கினேன்.

வியாழன் காலை ரம்பம் வருவதாக ஏற்பாடு.
புதன் இரவு பதினொரு மணிக்குக்
குப்பை கொட்ட இறங்கினேன்.
குப்பை கொட்ட யாராவது
பீங்கான் கிண்ணம் எடுத்துப் போவார்களா,
என்னையே கேட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

மரத்தடியில் படுக்கை விரிப்பு.
அதன் நடுவில், காலுறையோடு, மென்சூர்.
கிளையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்,
தூங்கும் பிள்ளையை எழுப்புகிறவர்போல
மெதுவாக.

பறித்தால் கட்டை,
தானாய் விழுந்தால்தான் பழம்.
உலுக்கலாம், கெஞ்சலாம், அவ்வளவுதான்.
உள்ளங்கையில் நாலைந்து வைத்து நீட்டினார்.
முதலில் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு,
பிறகு புளிப்பு,
கொட்டையைத் துப்பும் நேரத்தில்தான்
இனித்ததோ என்று ஒரு சந்தேகம்.

"ஜூனிலிருந்து எழுந்திருக்கவில்லை" என்றார்.
ஸேய்னெபாவைச் சொல்கிறார்.
"பார்க்க வருகிறவர்கள் எல்லாம்
த்ரியென் மாதிரி திடமாய் இரு, திடமாய் இரு என்கிறார்கள்.
வாயால் சொன்னது போதும்,
ஒன்றைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்கிறாள்."

நான் எதற்கு வந்தேன் என்று அவர் கேட்கவில்லை.
கிண்ணத்தைப் பார்த்தார்.
விரிப்பின் ஒரு முனையை
என் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் ரம்பத்தோடு இருவர் வந்தார்கள்.
மரத்தை ஒட்டி, அடிமரத்தில் கதவு உரச,
நின்றது வெள்ளைக் கார்.
நகர்த்தச் சொன்னார்கள்.
சாவி தொலைந்துவிட்டதென்றார் மென்சூர்,
சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு.
அடுத்த வாரமும் தொலைந்திருந்தது.
அதற்கடுத்து
ஆலைச் சாலையில் பெரிய பாப்லார் ஒன்று சாய,
ரம்பம் அங்கே போய்விட்டது.

ஸேய்னெபா ஒன்றைத் தின்றுவிட்டு
முகத்தைச் சுளித்தாளாம்,
இதையா கொண்டுவந்தாய் என்று திட்டினாளாம்.
இரண்டரை மாதத்தில் முதல் திட்டு என்றார்,
படியில் நின்று,
சம்பள உயர்வு வாங்கியவர்போல.

இப்போது மறுபடி பிப்ரவரி.
கார்மேல் மஞ்சள் தூள்,
ஒருவரும் துடைக்கவில்லை.
என் கதவடியில் ஒரு ஜாடி இருந்தது,
மூடியில் பென்சிலால் 'புளிக்கும்' என்று.
கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டே
பாதியைத் தின்றுவிட்டேன்.
கொட்டை இருபத்தாறு.
எண்ணினேன்.
எந்தப் பத்தியிலும் ஏற்றவில்லை.