சிறுகுறிப்பு வரைக

நாஹா துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஓர் அச்சகம்.
ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பது
என் வேலை.
இன்று வந்த கைப்பிரதி
உயர்நிலைப் பள்ளி, வரலாறு, இரண்டாம் பருவம்.
ஏழாவது கேள்வி:
வட்டார மொழிப் பலகை, சிறுகுறிப்பு வரைக.
ஐந்து மதிப்பெண்.
பக்கத்தில் பென்சிலால், 'நான்கு கோடுகள் விடவும்.'

உள்ளங்கை அகலம்.
ஓரம் இழைக்காத பைன் மரத்துண்டு.
மேலே ஒரு துளை, துளையில் சணல் கயிறு.
எவன் கழுத்து வாடை என்று பிரிக்க முடியாதபடி
எல்லாக் கழுத்தின் வாடையும் அதில் இருக்கும்.

வீட்டில் பேசுவதைப் பள்ளியில் பேசினால்
பலகை உனக்கு.
இன்னொருவன் வாய் தவறும்வரை உனக்கே.
கடைசி மணி அடிக்கும்போது
எவன் கழுத்தில் கிடக்கிறதோ
அவன் கழிப்பறை கழுவ வேண்டும்.

பேசாமலிருக்க வெகு சீக்கிரம் பழகிவிட்டோம்.
மைதானத்தில் எழுபது பிள்ளைகள்,
பந்து தரையில் படும் சத்தம் மட்டும்.
பலகை நகரவில்லை.
மூன்று நாள் என் கழுத்திலேயே கிடந்தது.
அப்போது கண்டுபிடித்தோம்,
இல்லை, கண்டுபிடித்தேன்:
வலி யோசித்துப் பேசாது.

வரிசையில் என் பக்கத்தில்
ஜுகேரான் வீட்டு உஷி.
மழைக்காலம். வெறுங்கால். விரலிடுக்கில் சேற்றுப்புண்.
குதிகாலை அவள் சுண்டுவிரல்மேல் வைத்துத்
திருகினேன்.

'அகா!'

எங்கள் தீவில் வலிக்கு அதுதான் பெயர்.
பெயர்கூட இல்லை, அதுதான் வலி.
கயிற்றைக் கழற்றி அவள் தலைவழியே மாட்டினேன்.
ஆசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து
பலகை சுற்றி என்னிடமே வந்தது.
அதே விரலை மிதித்தேன்.

'இத்தாய்' என்றாள் உஷி,
தோக்கியோ வானொலி போல.
கண் முட்ட நீர்.
உச்சரிப்பில் ஒரு பிசகில்லை.

அவள் தம்பி சொல்லித்தான் தெரியும்.
இரவு விளக்கணைத்ததும் பாயில் உட்கார்ந்து
தொடையில் ஊசி ஏற்றிக்கொள்வாளாம்.
பழைய சொல் முந்துமாம்.
மறுபடி ஊசி.
மறுபடி முந்துமாம்.
மறுபடி.

ஆண்டு விழாவில் அவளுக்கு ஒரு பென்சில் கொடுத்தார்கள்,
மொழித் தேர்ச்சிக்காக.
நானும் கைதட்டினேன்.

பிறகு போர்.
ஊர்மொழி பேசுகிறவன் உளவாளி என்றார்கள்,
எங்களைக் காக்க வந்த சிப்பாய்கள்.
உஷி குகைக்குள் இருந்தாளாம்.
குண்டில் ஒரு கால் போய்விட்டதாம்.
அங்கிருந்து பிழைத்து வந்த ஒருத்தி
கருப்பட்டித் துண்டை மென்றபடி சொன்னாள்.
எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை.
எந்தச் சொல்லில் கத்தினாள் என்றும் கேட்கவில்லை.

கேள்வித்தாளோடு விடைக்குறிப்பும் வந்திருக்கிறது.
'பள்ளி நிர்வாகம் இதை மாணவர்களுக்கு அணிவித்தது.'
சரிதான். தவறென்று சொல்ல மாட்டேன்.
காலையில் ஒருமுறை அணிவித்தது.
அதற்குப் பிறகு சாயங்காலம்வரை
அணிவித்தது யார் என்பதற்கு
மதிப்பெண் ஒதுக்கவில்லை.

முந்தாநாள் எழுத்துப் பெட்டி
என் பாதத்தில் விழுந்தது.
'அகா!'
பட்டறையே சிரித்தது, பிரியமாகத்தான்.
யாரும் கயிற்றைத் தேடவில்லை.
என் கைதான் போய்க் கழுத்தைத் தடவியது.

மேற்பார்வையாளரிடம் கேட்டேன்,
ஏழாம் கேள்விக்கு நான்கு கோடு போதுமா என்று.
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
'ஐந்து மதிப்பெண்தானே' என்றார்.

புள்ளி, புள்ளி, புள்ளியாகக்
கோடுகளைக் கோக்கிறேன்.
ஊசி முனை அளவுதான்
ஒவ்வொரு புள்ளியும்.